ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளை எப்படி அறிவது?

கேள்வி (திருமங்கலம்):
மதுரையில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி பெற்று வருகிறேன். ‘ரீட் தி ரயட் ஆக்ட்’, ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ ஆகியவற்றில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் முழுப் பொருள் பிடிபடவில்லை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி (மேலூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
தம்பி, முதல் தொடருக்குப் பின்னால் உண்மையான சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் 1715இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேற்பட்டோரோ கலகம் விளைவிக்கும் வகையில் கூடினால், மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்திற்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனைகூட விதிக்கலாம். சட்டம் நீக்கப்பட்டுவிட்டது, கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பது என்ற பொருள் மட்டும் நிலைத்துவிட்டது. விடைகளுள் ‘சட்டத்தைப் படித்தல்’ என்று இருந்தால், அது உங்களை ஏமாற்றவே வைக்கப்பட்டது.

மறுமொழி (செல்லூர்):
மூன்றாவது, நம் ‘அத்தி பூத்தாற்போல’ என்பதுதான். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ‘ப்ளூ மூன்’ என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பதால், அத்தியைவிட இது கொஞ்சம் தாராளம்தான்.

இரண்டாவது, கண்டும் காணாமல் இருப்பது. 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொன்ன கொடிச் சைகையை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தம் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் புறக்கணித்தார் என்று ஒரு கதை உண்டு.

மறுமொழி (மேலூர்):
‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ தொடருக்குப் பின் வரும் ‘டு’ என்ற சொல்லையும் சேர்த்தே படியுங்கள். பிழை காணும் வினாக்களில் பெரும்பாலும் அதைத்தான் மாற்றி வைப்பார்கள்.