போனட்டுக்குள் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு: வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் கழுவலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 11 ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் போனட்டைத் திறந்தால் என்ஜினின் பின்பக்கம் முழுவதும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, விரலால் தொட்டால் கரும்பசை போல இழுபடுகிறது. வைப்பருக்கு அடியில் காய்ந்த சருகுகள் அடைந்து கிடக்கின்றன. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது.

என்னிடம் பிரஷர் வாஷர் இருக்கிறது. மண்ணெண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, பிறகு வாஷரால் அடித்துக் கழுவிவிடலாம் என்கிறார் ஒருவர். என்ஜின் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்கிறார் மற்றொருவர். எதை மூட வேண்டும், எந்தத் திரவத்தைப் பயன்படுத்த வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நண்பரே, கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணெய் எந்த இடத்தில் தொடங்கிக் கீழே வழிந்திருக்கிறது என்பதைக் கண்டறிந்து, நாலைந்து படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானதும் முன்னால் இருப்பதும் எதுவோ, அதற்கு அருகில்தான் பெரும்பாலும் கசிவின் மூலம் இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டால் இந்தத் தடயமும் அதோடு போய்விடும்.

மண்ணெண்ணெய் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடியது; ஓடி நின்ற என்ஜினோ 90 டிகிரி அளவில் இருக்கும், எக்ஸாஸ்ட் குழாய் அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கும். தீ விபத்து நேராவிட்டாலும், ரேடியேட்டர் ஹோஸ் போன்ற ரப்பர்க் குழாய்கள் பெட்ரோலியப் பொருள்களில் ஊறினால் உப்பி வலுவிழந்துபோகும். தண்ணீரில் கரையும் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போதுமானது. அதிலும் காரம் மிகுந்ததைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அது அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

என்ஜின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூடான இரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு; டீகிரீசரும் பட்டவுடன் காய்ந்து திட்டுத்திட்டாகக் கறை பிடித்துவிடும். முதலில் சருகுகளைக் கையுறை அணிந்து அள்ளி எடுங்கள். எலி கூடு கட்டிய தடம் தெரிந்தால் முகக்கவசமும் அணிந்துகொண்டு, அந்த இடத்தை நனைத்த பிறகு அள்ளுங்கள். எலியின் சிறுநீர் மூலம் நோய் பரவும். வைப்பருக்கு அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் மழைநீர் காருக்குள் புகும் என்பதால், அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேட்டரியை முழுவதுமாகக் கழற்ற வேண்டியதில்லை, இணைப்பை விடுவித்தால் போதும். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, திரும்பப் பொருத்தும்போது கடைசியில் பொருத்துங்கள். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டதும் தீப்பொறி பறக்கும். முனையில் பூத்திருக்கும் பொடிக்கு, ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நுரைத்துப் பொங்கினால் அமிலம் முறிகிறது என்று பொருள். பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். அந்தக் கரைசல் உள்ளே இறங்கக் கூடாது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் வாஷரைத் தொடவே வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக் குழாயின் அழுத்தம் சில பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். வாஷரில் அது 100 பாரைத் தாண்டும். வயர் இணைப்பிகளில் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள் மழைச்சாரலைத் தாங்குவதற்காக அமைந்தவை, இந்த அடியைத் தாங்க அல்ல. என் பழைய காரை ஒருமுறை அப்படிக் கழுவக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் குலுங்கியது, எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவது ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. நல்லவேளையாகக் காற்றடித்து உலர்த்தியதும் சரியாகிவிட்டது.

அதிலிருந்து நான் தண்ணீரைப் பாய்ச்சுவதே இல்லை. டீகிரீசரைத் துணியில் தெளித்து, ஒரு கை அகல இடத்தை மட்டும் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவேன். தடித்த பிசுக்கை முதலில் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். வயர்கள் நெருங்கி ஓடும் சந்துகளுக்கு அரை அங்குலப் பெயிண்ட் பிரஷ் மிகவும் ஏற்றது. அதன் தகரப் பட்டையின் மேல் டேப் சுற்றிக்கொண்டால் எதையும் கீறாது. அரை நாள் பிடிக்கும் வேலைதான் என்றாலும், ஒவ்வொரு ஹோஸையும் கிளிப்பையும் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வேறு எப்படிச் செய்தாலும் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வு கவரின் (என்ஜினின் மேல்மூடி) பின் விளிம்பிலிருந்து எண்ணெய் இறங்கியிருக்கிறது. துணிமுறையையே பின்பற்றப் போகிறேன். ஆனால் கீழ்ப்பகுதியில் கை நுழையவில்லை. அங்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடலாமா? முடிவில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பளபளப்புத் திரவம் அடிக்கலாமா?

மறுமொழி 3

விடலாம், ஆனால் பூவாளியில் ஊற்றுவதுபோல மெதுவாக விடுங்கள். அதற்கு முன் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று புகும் வாய், இக்னிஷன் காயில்கள், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி ஆகியவற்றைப் பாலித்தீன் உறையால் மூடி டேப் ஒட்டுங்கள். எத்தனை உறைகள் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள்; அத்தனையும் வெளியே வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். மறந்துபோன ஓர் உறை காற்று புகும் வாயை அடைத்துவிடும், அல்லது எக்ஸாஸ்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஹைபிரிட் அல்லது மின்சாரக் காராக இருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்; ஆரஞ்சு நிறக் கேபிள்களில் பாய்வது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம்.

பளபளப்புத் திரவத்தைத் துணியில் எடுத்துப் பிளாஸ்டிக் மூடிகளில் மட்டும் தடவுங்கள். சிலிகான் கலந்த திரவம் பெல்ட்டில் ஒரு துளி பட்டாலும் அது வழுக்கிக் கீச்சிடும். எண்ணெய் கலந்து வடியும் நீரை மழைநீர்க் கால்வாயில் விடாமல், அடியில் ஒரு தட்டையான தொட்டியையும் பழைய துணிகளையும் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கக்கூடும், சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகும். எல்லாம் உலர்ந்து, பேட்டரியையும் இணைத்த பிறகு, போனட்டைத் திறந்து வைத்தபடி 10 நிமிடங்கள் என்ஜினை ஓடவிடுங்கள். அப்போது தொங்கும் ஆடையோ கையோ பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் போகக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நேற்று செய்து முடித்தேன். ஐந்து உறைகள் போட்டேன், ஐந்தையும் எடுத்துவிட்டேன். என்ஜின் குலுங்காமல் ஓடுகிறது. இன்று 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது, துடைத்த வால்வு கவரின் பின் மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புதிய ஈரம் தெரிந்தது; மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கிறது. அந்தப் படத்தோடு கேஸ்கெட் (அந்த மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை) மாற்றக் கொடுக்கப் போகிறேன்.