மின்விசிறியைப் போட்டால் ஓசிஎக்ஸ்ஓ அதிர்வெண் நகர்கிறது: போர்டில் எங்கே பார்ப்பது?

காட்பாடி டிஷ்:

வணக்கம். காந்தி நகரில் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து டிஷ் வைத்து, கியூஓ-100 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளைக் கேட்டு வருகிறேன். எல்என்பிக்குள் (டிஷ் முனையில் சிக்னலைப் பெருக்கி அதிர்வெண்ணைக் குறைக்கும் கருவி) இருந்த 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எடுத்துவிட்டு, 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓவிலிருந்து (படிகத்தை ஹீட்டர் உள்ள சிறு அடுப்புக்குள் ஒரே சூட்டில் வைக்கும் ஆசிலேட்டர்) பிஎல்எல் என்ற அதிர்வெண் மாற்றும் சுற்று வழியாக அந்த 25-ஐக் கொடுக்கிறேன். எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவருக்கும் அதே 10 மெகாஹெர்ட்ஸ்தான். ஓசிஎக்ஸ்ஓ சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. பழைய தொலைத்தொடர்புக் கருவியிலிருந்து கழற்றிய 5 வோல்ட் வகை. போர்டை நானே வரைந்தேன்.

மின்விசிறியைப் போட்டதும் 10489.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கனின் (செயற்கைக்கோள் வழி வரும் அடையாளச் சிக்னல்) கோடு திரையில் சுமார் 10 ஹெர்ட்ஸ் மேலே ஏறி அங்கேயே நிற்கிறது. நிறுத்தினால் பழைய இடத்துக்கு இறங்குகிறது. ஓசிஎக்ஸ்ஓ இழுக்கும் மின்னோட்டமும் கூடவே 350 மில்லிஆம்பியரிலிருந்து 430க்குப் போகிறது. வேலூர் மே மாதத்தில் விசிறி இல்லாமல் இந்தப் போர்டு இருக்கும் அறையில் உட்கார முடியாது.

போர்டு ஒற்றை அடுக்கு, 35 மைக்ரான் செம்பு. ரெகுலேட்டர், டியூனிங் வோல்டேஜுக்கான (ஓசிஎக்ஸ்ஓவின் அதிர்வெண்ணை நுணுக்கமாகத் திருத்தும் வோல்டேஜ்) ரெஃபரன்ஸ் ஐசி, பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் ஓர் ஓரத்தில். ஓசிஎக்ஸ்ஓ மறு ஓரத்தில். இடையே கிரவுண்டு டிராக் அரை மில்லிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் நீளம். டேட்டா ஷீட்டின்படி டியூனிங் உணர்திறன் வோல்ட்டுக்கு 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு). ஓசிஎக்ஸ்ஓவைச் சுற்றிப் போர்டை அறுத்து வெப்பத்தைத் தனிமைப்படுத்தினால் தீருமா?

ஆம்பூர் ரேடியோ:

புவிநிலைச் செயற்கைக்கோளும் முழுக்க அசையாமல் நிற்பதில்லை. டாப்ளர் விளைவால் பீக்கன் நாள் முழுக்க மெதுவாக நகரும். உங்கள் போர்டைச் சந்தேகிக்கும் முன் அதைக் கணக்கில் எடுங்கள்.

ராணிப்பேட்டை சர்வீஸ்:

தம்பி, ஆம்பூர் நண்பர் சொன்ன டாப்ளர் உண்மைதான். ஆனால் அது மணிக்கணக்கில் ஊர்ந்து நகர்வது. உங்கள் அறையின் சுவிட்சுக்குக் கட்டுப்படாது. இது டாப்ளர் அல்ல, படிகம் குளிர்ந்ததும் அல்ல. படிகம் குளிர்ந்திருந்தால் விளைவு தாமதமாக வந்து, மின்னோட்டம் நிலைத்த பிறகும் நகர்ந்துகொண்டிருக்கும். மின்னோட்டத்தோடு கைகோத்து ஏறி, அதோடு நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் விடை இருக்கிறது.

செம்பு டிராக் ஒரு மின்தடை. சிப்காட் தொழிற்சாலைகளின் அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை. 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லிஓம். உங்கள் டிராக்கின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 120 சதுரங்கள், ஆக 60 மில்லிஓம். கூடுதலாக ஓடும் 80 மில்லிஆம்பியர் அதில் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டை உண்டாக்குகிறது. ஓசிஎக்ஸ்ஓவின் கிரவுண்டு கால் அவ்வளவு உயர்கிறது. டியூனிங் வோல்டேஜோ ரெகுலேட்டர் பக்கத்துக் கிரவுண்டை நம்பி அசையாமல் நிற்கிறது. ஆகவே ஓசிஎக்ஸ்ஓவுக்கு டியூனிங் 5 மில்லிவோல்ட் குறைந்ததாகத் தெரியும். வோல்ட்டுக்கு 0.2 பிபிஎம் என்றால் அது 0.001 பிபிஎம். 10489.5 மெகாஹெர்ட்ஸில் பெருக்குங்கள்: 10 ஹெர்ட்ஸ்! உங்கள் ஆசிலேட்டர் கீழே போவதால் பீக்கன் மேலே போவதாகக் காட்டுகிறது. திசையும் பொருந்துகிறது, அளவும் பொருந்துகிறது.

மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை ரெகுலேட்டர் கிரவுண்டிலும் சிவப்பை ஓசிஎக்ஸ்ஓ கிரவுண்டு காலிலும் தொட்டுப் பாருங்கள். 21லிருந்து 26க்கு ஏற வேண்டும்.

டிராக்கை அகலமாக்கு என்று பலரும் சொல்வார்கள். 5 மில்லிமீட்டர் ஆக்கினால் பிழை ஒரு ஹெர்ட்ஸாகும், சரிதான். ஆனால் செம்பு, ஃபைபர் கிளாஸ் போர்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். அகலமான டிராக் அடுப்பின் வெப்பத்தை வெளியே இழுக்கும். ரெகுலேட்டரின் சூட்டை உள்ளே கொண்டுவரும். எனவே ஹீட்டர் மின்னோட்டம் திரும்பும் பாதை ஒல்லியாகவே இருக்கட்டும். டியூனிங் பகுதிக்கு மட்டும் தனிக் கிரவுண்டு கொடுங்கள்: ஓசிஎக்ஸ்ஓவின் கிரவுண்டு காலிலேயே தொடங்கும் ஒரு மெல்லிய டிராக். அதில் ஹீட்டர் மின்னோட்டம் துளியும் ஓடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. பொட்டென்ஷியோமீட்டரின் அடிக்காலை மட்டும் மாற்றினால், நகரும் கை நடுவில் இருக்கும்போது பாதிப் பிழைதான் போகும். ரெஃபரன்ஸ் ஐசியின் கிரவுண்டும் கூடவே வர வேண்டும். ஓசிஎக்ஸ்ஓவில் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் வெளிவரும் கால் இருந்தால் இன்னும் நல்லது. பொட்டென்ஷியோமீட்டரை அதிலிருந்தே இயக்குங்கள்.

காட்பாடி டிஷ்:

ஐயா, அளந்தேன். 22லிருந்து 27க்குப் போனது. இரண்டு கிரவுண்டுகளையும் வெட்டி, மெல்லிய கம்பியால் ஓசிஎக்ஸ்ஓ காலில் சால்டர் செய்தேன். இப்போது விசிறியைப் போட்டாலும் கோடு அசைவதாகத் தெரியவில்லை. மதியத்தில் மட்டும் சில ஹெர்ட்ஸ் மெதுவாக நகர்கிறது. ஓசிஎக்ஸ்ஓவைத் தெர்மோகோல் பெட்டியால் மூடிவிடலாமா?

ராணிப்பேட்டை சர்வீஸ்:

மிக்க மகிழ்ச்சி தம்பி. மெதுவான நகர்வில் ஆம்பூர் நண்பரின் டாப்ளருக்கும் பங்கு உண்டு. ஜிபிஎஸ் தரும் ஒரு வினாடித் துடிப்போடு ஒப்பிட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். டியூனிங் மின்தடைகளையும் பாருங்கள். 4 வோல்ட் ரெஃபரன்ஸின் நடுவில், இரு பக்க மின்தடைகளுக்கும் டிகிரிக்கு 100 பிபிஎம் வேறுபாடு இருந்தால், அறை 10 டிகிரி சூடாகும்போது 2 ஹெர்ட்ஸ் நகரும். 25 பிபிஎம் மெட்டல் ஃபிலிம் போடுங்கள்.

போர்டை அறுப்பது அடுத்த பதிப்பில் செய்யத் தக்கதுதான்: மூன்று பக்கமும் 2 மில்லிமீட்டர் பிளவு, டிராக்குகள் எல்லாம் நான்காவது பக்கம் வழியாக.

தெர்மோகோலை நெருக்கிக் கட்டாதீர்கள். நமக்கு வேண்டியது காற்றோட்டம் படாத அமைதி. கனமான போர்வை இல்லை. அடுப்புக்குத் தன்னைக் குளிர்விக்கத் தெரியாது, சூடாக்க மட்டுமே தெரியும். நம் ஊர் வெயிலில் பெட்டிக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் ஹீட்டர் முழுக்க அணைந்து கட்டுப்பாடு கைநழுவும். சுற்றிலும் விரல் அகல இடைவெளி விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் மூடி போதும். மூடியபின் மதியம் மூன்று மணிக்கு மின்னோட்டத்தைப் பாருங்கள். 150 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் மூடியில் சிறு துளைகள் போடுங்கள்.