சேவ் எடுக்க பிறஷ்ஷும் சவர்க்காரமும்: யாழ்ப்பாணத் தண்ணிக்கு சரிவருமோ?

கொக்குவில் குருவி:
நுரைப் பேணியையும் அஞ்சு பிளேட் றேசரையும் விட்டிட்டு பழைய முறைக்கு மாறியிருக்கிறன். வட்டச் சவர்க்காரம், பிறஷ், ரெண்டு பக்கமும் வெட்டுற ஒற்றைப் பிளேட்டைப் போடுற இரும்பு றேசர், அவ்வளவுதான். சொன்னா நம்பமாட்டியள், கழுத்தில கிடந்த சிவப்புப் பொரி எல்லாம் அடங்கிப்போச்சு. மந்திரம் ஒண்டுமில்லை, அஞ்சு பிளேட்டில முன்னுக்கு இருக்கிறது மயிரை இழுக்க பின்னால வாறது தோலுக்குக் கீழ வைச்சு வெட்டிப்போடும், பேந்து சுருட்டை மயிர் வெளிய வர வழியில்லாம உள்ளுக்கையே வளைஞ்சு வளரும், அதுதான் அந்தப் பொரி. ஒற்றைப் பிளேட் தோல் மட்டத்தோட நிக்கும். பிறஷ் மயிரைக் கிளப்பி விடும், நுரை தண்ணியைப் பிடிச்சு வைச்சு மயிரை ஊற வைக்கும். பேணி நுரையை விரலால பூசினா மேலால கிடக்கிறதோட சரி.

சந்திக்கடை:
அண்ணை உது வெளிநாட்டுக்காறற்ற யூடியூப் விசர். காலமை பஸ் பிடிக்கிறவன் கிண்ணத்துக்க நுரை அடிச்சுக் கொண்டு நிப்பானோ? பேணி நுரைக்கையும் ஸ்டியரிக் அமிலம் எண்ட கொழுப்பமிலம்தான், உங்கட சவர்க்காரத்துக்கையும் அதுதான். பொரி போனது நீங்கள் ஆறுதலா நிண்டு வழிச்சதால. அதே ஆறுதலோட பேணி நுரையில எடுத்துப் பாருங்கோ, அப்பவும் போகும்.

கொக்குவில் குருவி:
ஆறுதல் ஒரு காரணம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிளேட் எண்ணிக்கை? ஜில்லெற் றேசர்க் கொம்பனி 1903 இல விக்கத் தொடங்கேக்க ஒரு பிளேட், அந்த வருசம் முழுக்க வித்தது 51 றேசரும் 168 பிளேட்டும்தான். 1971 இல ரெண்டாக்கினாங்கள், 1998 இல மூண்டு, 2006 இல அஞ்சு. எங்கட முகம் என்ன 1971 க்குப் பிறகு மாறிப்போச்சோ? பிளேட் பூட்டின தலைப்பகுதியை அவங்களிட்டயே திரும்பத் திரும்ப வாங்கோணும் எண்டதுக்குத்தான் உது. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் போனாப் பிறகு அந்தத் தலையின்ர விலையைப் பாத்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வேலணை உவர்:
ரெண்டு பேரும் தண்ணியை மறந்திட்டியள். எங்கட பக்கம் உந்தச் சவர்க்காரம் நுரைக்காது தம்பி. சுண்ணாம்புக் கல்லுக்கால வாற தண்ணி, கல்சியம் கனக்க. சவர்க்காரத்தோட சேந்து வெள்ளைத் திரையா மிதக்கும், பிறஷ்ஷில ஒட்டும், நுரை வராது. நான் பிறஷ்ஷை வாங்கிப் போட்டு இப்ப அதால மேசை தூசு தட்டுறன். தீவுப்பக்கத்தில உப்பும் சேரும், கேக்கவே வேண்டாம்.

சந்திக்கடை:
பாத்தியளே! நான் சொன்னா கோவம் வரும். லண்டன் தண்ணியில செய்யிற வேலையை கிணத்தடியில செய்யேலாது.

கொக்குவில் குருவி:
லண்டன் தண்ணியும் கல்லுத்தண்ணிதான் மச்சான், அங்கயும் கேத்திலுக்க வெள்ளையாப் படியும். பிறஷ் சேவ் அங்க காலங்காலமா நடக்குது.

ஆடியபாதம்:
வேதியியல் படிப்பிச்ச ஆள், ஒருக்கா குறுக்க வாறன். கல்லுத்தன்மை ரெண்டு வகை. பைகாபனேற்றால வாறது கொதிக்க வைச்சா கீழ படிஞ்சிடும், உங்கட கேத்திலடியில இருக்கிறது அதுதான். எங்கட சுண்ணாம்புத் தண்ணியில இந்த வகைதான் கனக்க. சல்பேற்று, குளோரைட்டால வாறது கொதிச்சும் போகாது. ஆனபடியா கொதிக்க வைச்சு, ஆற விட்டு, மேல்தண்ணியை மட்டும் வடிவா வார்த்தெடுத்தா நுரை நல்லா வரும். வேலணைக்காறருக்கு இது அரைவாசிதான் உதவும், உப்பு அங்கயே நிக்கும். அதுக்கு ஆர்ஓ மெசினில உப்பு நீக்கின தண்ணி, இல்லாட்டி மாரியில ஓட்டால விழுற மழைத்தண்ணி. ஒரு சின்னக் கப் போதும், முகம் கழுவ கிணத்துத் தண்ணி காணும். தேசிக்காய்ப்புளி கொஞ்சம் விட்டா கல்சியத்தைப் பிடிக்கும் எண்டு சிலர் செய்யிறவை, ஆனா சவர்க்காரத்துக்குள்ள புளி கூடினா நுரையே உடைஞ்சு போகும், அந்த வேலைக்குப் போகாதேங்கோ.

சந்திக்கடை:
குடிக்கிற தண்ணியைக் காசு குடுத்து வாங்கி அதில சேவ் எடுக்கிறதாம். சேர், உங்களுக்கே சிரிப்பு வரேல்லையோ?

ஆடியபாதம்:
ஒரு கப் எண்டு சொன்னனான் தம்பி. நீர் பல்லு மினுக்கேக்க ஊத்துற தண்ணி அதைவிடக் கூட.

பழைய தபால்பெட்டி:
உந்தச் சண்டையைப் பாக்க எனக்குப் பகிடியா இருக்கு. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில சவர்க்காரத்துக்கே வழியில்லாம பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்ச சனம் நாங்கள். பிளேட் மழுங்கினா எறியிறேல்லை, கண்ணாடிக் கிளாசின்ர உள்பக்கத்தில அமத்தித் தேய்ச்சு திரும்பவும் போடுறது. அந்த நேரம் ஆர் பிளேட் எண்ணினது? உங்களுக்கு இப்ப சாமான் இருக்கு, அதால வாக்குவாதமும் இருக்கு. ஒண்டு மட்டும் சொல்லுறன், றேசரை அமத்தாதேங்கோ. அதின்ர பாரமே காணும், முப்பது பாகை சரிவில பிடிச்சு, மயிர் விழுற பக்கத்துக்கு முதல் இழுவை. எதிர்ப்பக்கமா இழுக்கிறவைதான் கழுத்தைக் கிழிச்சுக் கொண்டு படிகாரக் கட்டி தேடுறவை.

வேலணை உவர்:
ஐயா சொல்லுறது சரி. ஆனா எனக்கு இன்னொரு கேள்வி. பிறஷ் என்ன மயிர்? ஒண்டு பண்டி மயிராம். எங்கட வீட்டில சைவம், அம்மா கேட்டா பிறஷ்ஷோட சேத்து என்னையும் வெளியில எறிவா.

கொக்குவில் குருவி:
பண்டி, பாட்ஜர், குதிரை எல்லாம் இருக்கு, செயற்கை நாரும் இருக்கு. நான் வைச்சிருக்கிறது செயற்கை. கெதியா காயும், விலையும் குறைவு. விலங்கு மயிரைப் பற்றி ஒரு கதை இருக்கு, முதலாம் உலகப்போர் நேரம் சரியாச் சுத்தம் செய்யாத குதிரைமயிர் பிறஷ்ஷால அந்திராக்ஸ் எண்ட தொற்றுநோய் வந்து ஆக்கள் செத்தவை. இப்ப சுத்திகரிச்சுத்தான் விக்கிறாங்கள், பயமில்லை. எண்டாலும் அம்மாவுக்குச் சொல்ல செயற்கைதான் நல்லது.

சந்திக்கடை:
சரி நுரை வரட்டும், பண்டியும் இல்லாம போகட்டும். பழைய பிளேட்டை எங்க போடுறியள்? எங்கட வளவில ஆரோ எறிஞ்ச பிளேட் மருமகனின்ர காலைக் கிழிச்சது. குப்பை அள்ள வாறவை வெறுங்கையால அள்ளுறதை நான் பாக்கிறனான். பேணியும் பிளாஸ்ரிக் தலையும் குப்பைதான், ஆனா அது ஆரின்ர கையையும் வெட்டாது. சுற்றாடல், சிக்கனம் எண்டு கதைக்கிறவை இதைச் சொல்லுறேல்லை.

கொக்குவில் குருவி:
இந்தக் கேள்வி நியாயம். நான் பால்மா ரின்னின்ர மூடியில மெல்லிசா வெட்டு வைச்சு, மூடியை ரேப்பால ஒட்டி, அதுக்குள்ள போடுறன். நிறைஞ்சா ரின்னோட பழைய இரும்புக்காறனிட்ட போகும், என்ன இருக்கெண்டு சொல்லித்தான் குடுக்கிறது. சலூன்காறரும் இப்ப கத்திக்கு பிளேட்டை அரைவாசியா உடைச்சுப் போட்டு ஒவ்வொரு ஆளுக்கும் மாத்துறவை, அவையளிட்ட சேருற பிளேட்டுக்கும் ஒரு வழி செய்யத்தான் வேணும்.

சந்திக்கடை:
ரின் யோசனையை எடுக்கிறன். பிறஷ்ஷை இல்லை.

வேலணை உவர்:
சேர், மழைத்தண்ணியைப் போத்திலில எவ்வளவு நாள் வைக்கலாம்? மாரி முடியிறதுக்குள்ள பிறஷ்ஷைத் தூசு தட்டுற வேலையில இருந்து எடுக்கப் பாக்கிறன்.

ஆடியபாதம்:
முதல் மழையைப் பிடிக்காதையும், ஓட்டில கிடக்கிற ஊத்தை முழுக்க அதோட வரும். ரெண்டு மூண்டு மழை கழுவின பிறகு பிடிச்சு, துணியால வடிச்சு, இறுக்கி மூடி வெயில் படாத இடத்தில வையும். நுளம்புக் குடம்பி வந்தா ஊத்திப் போட்டு புதுசு பிடியும்.