கோழிக்கு முட்டைப் பெட்டி: வீட்டில் கிடப்பதை வைத்தே செய்தவர்களின் பகிர்வு

20 லிட்டர் பெயிண்ட் வாளியைத்தான் முதலில் சொல்வேன். படுக்கப் போட்டால் வாய் கிட்டத்தட்ட 30 செ.மீ. அகலம். நடுத்தர உடம்புள்ள கோழி உள்ளே போய்த் திரும்பி உட்கார அது போதும்.

மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஹேக்ஸா பிளேடால் அறுத்தெடுத்து, வாளி வாயின் கீழ்ப்பக்கம் மாட்டி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகாணி போடுங்கள். 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு கிடைக்கும். இது இல்லையென்றால் கோழி கிளறும் கிளறலில் இரண்டே நாளில் வைக்கோல் முழுக்க வெளியே வந்துவிடும், முட்டை வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்து விரிசல் விடும். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உப்புத்தாள் தேய்த்துவிட்டு, பழைய தோட்டக்குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி அதன்மேல் செருகிவிட்டால் கோழியின் நெஞ்சில் கீறல் படாது.

வாளி உருளக்கூடாது. அடியில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ரீப்பர் கட்டையை வைத்து, வாளியின் உள்ளிருந்து வாஷர் போட்டு முடுக்குங்கள். வாய்ப்பக்கம் 2 செ.மீ. தூக்கலாக இருந்தால் முட்டை பின்னால் தங்கும். பின்பக்கம் மேலே ஐந்தாறு துளை காற்றுக்கு, அடியில் மூன்று துளை ஈரத்துக்கு. கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், கால் மாட்டும். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்த வாளி எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

*

வாளி சொன்ன அண்ணாவுக்கு ஒரு சேர்க்கை. வெயில் படும் இடத்தில் வாளி வேண்டாம். அடர்நிற வாளி நடுப்பகலில் கொதிக்கும். உள்ளே போன கோழி முட்டையிடாமலே வெளியே வந்து புதருக்குள் போய் இட்டுவிடும். நிழல் இல்லையென்றால் காய்கறி கிரேட்தான் நல்லது. நான்கு பக்கமும் காற்று வரும், தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு போய்விடும்.

ஆனால் கிரேட்டை அப்படியே வைத்தால் வெளிச்சம் அதிகம், கோழிக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மூன்று பக்கமும் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். அடியில் அட்டை விரிக்காவிட்டால் கண்ணி வழியாக வைக்கோல் கொட்டும், விரல் நகமும் சிக்கும். முன்பக்கம் ஒரு பழைய துணியை நடுவில் கிழித்துத் திரைபோலத் தொங்கவிட்டால் இருட்டும் கிடைக்கும், மற்ற கோழிகளும் எட்டிப் பார்த்துக் கொத்தாது. பெரிய உடம்புள்ள இனத்துக்கு 35 செ.மீ. அகலமாவது வேண்டும்.

*

பெட்டி எதில் செய்தாலும் சரி, உயரத்தில் தவறினால் எல்லாம் வீண். கோழி இரவில் கிடைப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். அடையும் கம்பைவிடப் பெட்டி மேலே இருந்தால் அதற்குள்ளேயே தூங்கும், விடிவதற்குள் பெட்டி எச்சமாகிவிடும். தரையிலிருந்து 45 முதல் 60 செ.மீ.யில் பெட்டி, அதற்கு நல்ல மேலே கம்பு. பெட்டியின் மேல் தட்டையாக இருந்தால் அங்கேயும் ஏறி உட்காரும். ஒரு பலகையையோ தகரத்தையோ 45 டிகிரி சரிவில் வைத்துவிடுங்கள்.

நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி கணக்கு. எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் முண்டும். அது இயல்புதான். அதற்காக இரண்டாவது பெட்டியை எடுத்துவிடக்கூடாது, நெரிசலில்தான் முட்டை உடைகிறது.

வெடைக்கோழி முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று வாரம் முன்பே பெட்டியை வைத்துவிடுங்கள். உள்ளே ஒரு கோல்ஃப் பந்தோ, முட்டை வடிவில் கடைந்த கட்டையோ போட்டால் இது முட்டையிடும் இடம் என்று கண்டுகொள்ளும். தரையில் இட்டுப் பழகிய கோழியைப் பிறகு மாற்றுவது கடினம்.

*

பழைய மேசை இழுப்பறையைப் பெட்டியாக வைப்பவர்கள் செல் பூச்சியை மறக்கவேண்டாம். கரையானைச் சொல்லவில்லை, கோழியைக் கடிக்கும் சிற்றுண்ணியைச் சொல்கிறேன். பகலில் மரத்தின் பொருத்து இடுக்கில் ஒளிந்திருக்கும், இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழி திடீரென்று பெட்டிக்குள் போக மறுத்தால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். இருட்டிய பிறகு ஒரு வெள்ளைத் துணியை இடுக்கில் தேய்த்துப் பாருங்கள், சிவப்புக் கறை பட்டால் இருக்கிறது என்று அர்த்தம். ஆணி அடித்து இறுக்காமல் திருகாணி போடுங்கள், கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்கலாம்.

அட்டைப்பெட்டியை மட்டமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். செல் வந்தால் பெட்டியோடு எரித்துவிடலாம். மரப்பெட்டியில் அந்த வசதி கிடையாது. டயர் மட்டும் வேண்டாம், உள்வளைவில் தண்ணீர் தேங்கும்.

*

படுக்கை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 8 செ.மீ. கனம் வேண்டும். கோழி மிதித்து நடுவில் குழியாக்கும்போது அடித்தளம் தெரிந்துவிடக்கூடாது. வைக்கோலைச் சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள், நீளமாக இருந்தால் காலில் சுற்றி முட்டையையும் சேர்த்து இழுத்துவரும். மரச்சீவல் நல்லது. மரத்தூள் வேண்டாம், புழுதி மூச்சில் ஏறும். காகிதத் துண்டு ஈரம்பட்டால் அப்பளம்போல் ஒட்டிக்கொள்ளும்.

முட்டை உடைந்தால் அன்றே படுக்கையை மாற்றுங்கள். ஒருமுறை ருசி கண்ட கோழி அடுத்ததைத் தானே கொத்தும். பெரும்பாலும் காலையில்தான் இடும் என்பதால் முற்பகலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. ஓடு மெலிந்திருந்தால் குற்றம் பெட்டியில் இல்லை, சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.