ஏ/எல், ஏ/பி பெயர்களும் வெப்சைட் கருவி செய்பவர்களும்: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

கடைத்தெரு மேல்மாடிக்காரன்:

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு வெப்சைட் செய்து பிழைக்க முடியுமா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். முடிகிறது. கோயில், மணவறை அலங்காரம், உரக்கடை என்று வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் தினமும் பயன்படுத்தும் கருவிகளை எங்கோ இருந்து செய்பவர்களோடு பேச நேர்ந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூடப்பட்ட ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடல் வைத்தார்கள். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு என்று சிதறிப்போனவர்கள் பதிந்துகொள்ள இணையப் படிவம் வேண்டும் என்றார்கள். பெயரைச் சரிபார்க்க, இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன நிரல் தொகுப்பைச் சேர்த்தேன். படிவம் திறந்த அன்றே வாட்ஸ்அப்பில் புகார் குவிந்தது. 'பெயரில் தவறான குறி' என்கிறதாம், அநேகமாக எல்லோருக்கும். மைகார்டில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், உள்ளபடி ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் சாய்கோட்டைத்தான் அது ஏற்க மறுத்தது.

ஐரிஷ்காரர் பெயரில் வரும் (') என்ற மேற்குறிக்கு அந்த நிரலில் இடம் இருந்தது. பிரெஞ்சுக்காரரின் இணைப்புக்கோட்டுக்கும் இருந்தது. 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) போடும் மலாய்ப் பெயர்களுக்குப் பிரச்சினையே இல்லை. மாட்டிக்கொள்வது நாமும் ஒராங் அஸ்லி, சயாமிய வம்சாவளி மக்களும்தான். விமான டிக்கெட்டில் நம் சாய்கோடு காணாமல் போவதற்குக்கூட ஒரு காரணம் உண்டு. குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்க விமான முன்பதிவு அமைப்புகள் வெகுகாலமாகச் சாய்கோட்டைத்தான் வைத்திருக்கின்றன.

என் பக்கத்தில் மட்டும் ஒட்டுப்போட்டு வேலையை முடித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு இதே தொகுப்பை வேறு யாராவது ஒரு கிளினிக் படிவத்தில் போடுவார், அங்கேயும் நம் ஆள் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் விஷயத்தை எழுதிப் போட்டேன். ராத்திரியே பதில் வந்துவிட்டது. அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவர் ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறார். இது அவருடைய ஓய்வு நேர வேலை, சம்பளம் கிடையாது. சும்மா 'சரி செய்கிறேன்' என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டார். சாய்கோட்டுக்கு முன்பின் இடைவெளி வருமா? சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா? பிறப்புப் பத்திரத்திலும் அப்படித்தானா? பின்னால் வருவது குடும்பப் பெயரா? இல்லை, அது அப்பாவின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்கினேன். அப்புறம் சோதனைக்கு மாதிரிப் பெயர்கள் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் சாய்கோடு உள்ளே வந்துவிட்டது. பெயர் போட அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் போடவில்லை.

இந்தக் கருவிகளில் பல, உலகத்துக்கென்று திட்டம் போட்டுச் செய்தவை அல்ல. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் போட்ட தன் சுயவிவரத்தை யார் பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் எழுதிய நிரல்கள்தான் பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியாக வளர்ந்தன. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை அதைச் செய்தவர் கைவிட்டபோது, என்ன செய்யலாம் என்று 2003இல் மாட் முல்லன்வெக் தன் வலைப்பதிவில் புலம்பினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் 'நானும் வருகிறேன்' என்கிற மாதிரி ஒரு பின்னூட்டம் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ். நம் ஊர்க் கோயில் தளம் ஓடுவது அதில்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

தம்பி, உங்களுக்குச் சாய்கோடு, எனக்கு எழுத்து. பள்ளி ஆண்டிதழை இணையத்தில் ஏற்றினோம். பிள்ளைகள் எழுதிய கவிதை எல்லாம் வரிவரியாகக் கேள்விக்குறியாக நின்றது. ஈப்போவில் வேலை செய்யும் என் பழைய மாணவன் வந்து பார்த்தான். மை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பாம். தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் கொள்ளும் அமைப்பில் இருந்திருக்கிறது. 2018இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்துதான் எல்லா மொழிகளையும் கொள்ளும் அமைப்பு இயல்பாகவே வருகிறது என்றான். அதைச் செய்த பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ், மகள் பெயரை அதற்கு வைத்தாராம். பிற்பாடு செய்த மரியாடிபி என்ற தரவுத்தளத்துக்கு இளைய மகளின் பெயர். எதுவானாலும் அந்தக் கவிதைகள் திரும்பவில்லை. கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டான். காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டிப் பழகிய ஆள் நான். அதைச் செய்த முத்து நெடுமாறன் மலேசியர், ஆப்பிள் கணினியில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வேலைதான் என்று வகுப்பில் சொன்னால், 'நெசமாவா டீச்சர்?' என்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பரிசுப் போட்டிப் படிவத்தில் பெயருக்கு 20 எழுத்துதான் என்று போட்டிருக்கிறார்கள். 12 எழுத்துப் பெயரையே ஏற்கவில்லை. ஏன்?

பழைய சைபர் கஃபே அண்ணன்:

நீங்கள் நல்ல ஆளைப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. நான் ஒரு கடை மென்பொருளில் கோளாறு என்று ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டு எழுதினேன். 'என் கணினியில் ஓடுகிறது' என்று ஒரே வரியில் மூடிவிட்டான் ஒருத்தன். அன்றோடு சரி.

கடைத்தெரு மேல்மாடிக்காரன்:

அண்ணே, அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தலைவலியையும் பாருங்கள். 2016 மார்ச்சில் ஒருவர், பெயர்த் தகராறில் கோபப்பட்டு, தான் எழுதிய தொகுப்புகளை என்பிஎம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று வெறும் 11 வரி, எழுத்துக்கு முன்னால் இடைவெளி நிரப்பும் நிரல். அது போனதும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் உருவாக்க முடியாமல் நின்றன. அவ்வளவு பாரத்தைக் கூலி இல்லாமல் சுமப்பவர்களில் சிலர் சிடுசிடுப்பாகத்தான் இருப்பார்கள். அடுத்த தடவை திரையைப் பிடித்த படமும் படிப்படியான விவரமும் சேர்த்து அனுப்புங்கள். நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன்.

டீச்சர், படிவங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி எண்ணுவது நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஐந்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட் கணக்குப் பார்த்தால் 15. இப்போது உலாவிகளிலேயே எழுத்தாகப் பிரித்து எண்ணும் வசதி இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான் வந்தது. அதிலும் 'க்ஷ' இரண்டாகத்தான் விழும். படிவத்தின் முகவரியை அனுப்புங்கள், செய்தவர்களுக்கு எழுதுவோம்.

சாய்கோட்டுத் தொல்லையும் முழுசாகத் தீரவில்லை. பதிந்த ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே தனிப்பக்கம் வேண்டும் என்று ஒன்றுகூடல் குழு கேட்டது. பக்கத்தின் இணைய முகவரியில் சாய்கோடு வந்தால் அதைக் கோப்புறைப் பிரிப்பு என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். குறியீடாக மாற்றி அனுப்பினாலும், தளங்களை வழங்கும் மென்பொருளான அப்பாச்சி சர்வர் இயல்பாகவே 'பக்கம் இல்லை' என்றுதான் சொல்லும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. அதனால் பக்கத்துக்கு எண் கொடுத்து, பெயரை உள்ளே பெரிதாகப் போட்டுவிட்டேன், சாய்கோடு உட்பட.

வேறு எந்தப் படிவத்தில் யார் பெயர் நின்றாலும் இங்கே போடுங்கள். மைகார்டு எண்ணை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.