பாரபட்சப் பயிற்சிக்குப் போய்வந்த ஆலோசகர்களே, அங்கே என்ன நடந்தது?

மனநல ஆலோசகர்களுக்கான மறைமுகப் பாரபட்சப் பயிற்சிக்கு, அதாவது நமக்கே தெரியாமல் ஆளுக்கு ஆள் காட்டும் ஓரவஞ்சனையைக் கவனிக்கச் சொல்லித்தரும் பயிற்சிக்கு, போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன செய்ய வைத்தார்கள், அதற்கப்புறம் உங்கள் அறையில் எது மாறியது? நானே தொடங்குகிறேன்.

காலை முழுக்க ஐஏடி தேர்வு (Implicit Association Test): மனம் எதை எதோடு தானாகவே சேர்த்துப் பார்க்கிறது என்று கணினியில் பார்ப்பது. உளவியலாளர் கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்டது. திரையில் ஒரு முகமோ சொல்லோ வரும். யோசிக்காமல் இடது விசையையோ வலது விசையையோ தட்ட வேண்டும். கை எதற்கு வேகமாகப் போகிறது, எதற்குத் தயங்குகிறது என்று மில்லி விநாடிக் கணக்கில் அளக்கும். முடிவு வந்ததும் ஒரு மூத்த ஆலோசகர் முகம் வாடி, சாப்பாட்டு இடைவேளை வரை வாய் திறக்கவில்லை. இன்னொருவர் "இதெல்லாம் வீடியோ கேம் சார்" என்று சிரித்தார். பயிற்சியாளர் இருவரையும் அப்படியே விட்டுவிட்டார். சறுக்கல் அங்கேதான் என்பேன். அதே ஆள் இன்னொரு நாள் செய்தால் மதிப்பெண் மாறலாம். தனி ஆளை எடைபோட இது போதாது என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை முன்பே சொல்லியிருந்தால் அவரும் நொந்திருக்க மாட்டார், இவரும் தட்டிக்கழித்திருக்க மாட்டார்.

மதியம்தான் விஷயம் இருந்தது. பெயர், வயது, பாலினம் எல்லாவற்றையும் அழித்த பழைய கேஸ் குறிப்புகளைக் கையில் கொடுத்தார்கள். "ஒத்துழைக்கவில்லை", "மிகைப்படுத்துகிறார்" போன்ற தீர்ப்புகளை அடிக்கோடிட்டு, அதற்கு ஆதாரமாகக் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்ன என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு தாளில் "ஒத்துழைக்கவில்லை" என்பதற்குக் கடைசியில் எஞ்சியது இவ்வளவுதான்: "20 நிமிடம் தாமதம். வீட்டைப் பற்றிக் கேட்டதும் பேசவில்லை." இரண்டு பேருந்து மாறி வருபவர் என்பது அதே தாளின் மேல்பகுதியில் இருந்தது.

● நான் ஆலோசகர்களுக்குப் பாடம் எடுப்பவள். எங்கள் பயிற்சியில் ஐஏடி கிடையாது. உளவியலாளர்கள் லாங்கர், ஏபெல்சன் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வைப் போலவே செய்தோம். ஒரே உரையாடல் காணொளி. பாதிப் பேரிடம் "வேலைக்கு விண்ணப்பித்தவர்", மீதிப் பேரிடம் "நோயாளி" என்று சொல்லிக் காட்டினோம். ஒரு பக்கம் "நேர்மையானவர், கொஞ்சம் பதற்றம்" என்று வந்தது. இன்னொரு பக்கம் "கோபத்தை அடக்கி வைத்திருக்கிறார்". இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது விளக்கமே தேவைப்படவில்லை. யாரையும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாததால் சண்டையும் வரவில்லை.

● நான் ஆலோசனைக்குப் போனவன், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இரவுக் காவல் வேலை பார்க்கிறேன். அதைச் சொன்னதுமே அந்த ஆலோசகரின் பேச்சு மாறிவிட்டது. "உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் கேள்வியே இல்லை. குடிக்காதீங்க, நேரத்துக்குத் தூங்குங்க. நான் குடிப்பதில்லை. இரவு வேலைக்காரன் எந்த நேரத்துக்குத் தூங்குவது? அடுத்து நான் போன ஆலோசகர் முதலிலேயே, "நான் ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டா உடனே நிறுத்துங்க" என்றார். இரண்டு தடவை நிறுத்தினேன். கோபப்படவில்லை, குறிப்பைத் திருத்திக்கொண்டார்.

● தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் சொன்னது பழைய நோய். இளமை, அழகு, பேச்சுத்திறன், புத்திசாலித்தனம், வெற்றி இருப்பவர்களைத்தான் சிகிச்சையாளர்கள் விரும்புகிறார்கள் என்று உளவியலாளர் ஸ்கோஃபீல்டு 1964-லேயே எழுதிவிட்டார்.

நான் ஓர் ஆலோசனை மையத்தின் நிர்வாகம் பார்க்கிறேன். ஒருநாள் பயிற்சி நடத்திச் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உளவியலாளர் கால்வின் லாய் குழு மறைமுகப் பாரபட்சத்தைக் குறைக்கும் ஒன்பது உத்திகளைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. உடனடிப் பலன் எல்லாம் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கரைந்துபோனது. அதே ஆண்டு சமூகவியலாளர் ஹெதர் குகல்மாஸின் ஆய்வும் வந்தது. நியூயார்க்கில் 320 சிகிச்சையாளர்களுக்குத் தொலைபேசியில் குரல்செய்திகள் விடப்பட்டன. எல்லாக் குரலும் வார நாள் மாலையில் ஆலோசனை நேரம் கேட்டன. நடுத்தர வர்க்க வெள்ளையர் குரல்களுக்குக் கிடைத்த அளவு கறுப்பினக் குரல்களுக்கும் உழைக்கும் வர்க்கக் குரல்களுக்கும் கிடைக்கவில்லை. அறைக்குள் வரும் முன்பே வடிகட்டல் முடிந்துவிடுகிறது!

அதனால் முன்மேசையில் கை வைத்தோம். அழைப்பு வந்த வரிசையிலேயே திரும்ப அழைக்க வேண்டும். அழைப்பைக் குறிக்கும் சீட்டில் நேரமும் தொலைபேசி எண்ணும் மட்டும். "பேச்சு ஒரு மாதிரி" போன்ற ஓரக்குறிப்பு கூடாது. ஆலோசகர்கள் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

● தாளில் அடிக்கோடிடும் பயிற்சியைத் தனியாகச் செய்யலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பலன் குறைவு. சொந்த எழுத்தில் தீர்ப்பு கண்ணுக்குப் படாது. எங்கள் சூப்பர்விஷனில், அதாவது ஆலோசகர்கள் கூடி தங்கள் கேஸ்களை அலசும் கூட்டத்தில், மாதம் ஒரு குறிப்பை எடுக்கிறோம். மற்றவர்கள் படித்து முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வந்தவரின் அடையாளம் தெரியும் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. அதில் மட்டும் கறாராக இருங்கள்.