லாஃப்டில் பஞ்சுக்கு மேலே வயரா, கீழேயா? அவசரம்

ஹேரோ_ரவி:
லண்டன் வீடு. கூரைக்கு அடியில், குளிரைத் தடுக்கப் பஞ்சு பரப்பிய லாஃப்ட் வழியாகப் புது வயர் ஒன்று பாத்ரூமுக்கு இறங்க வேண்டும். பஞ்சுக்குக் கீழே போட்டால் சூடாகும் என்கிறார் ஒருவர், மேலே போட்டால் காலில் தட்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி? சனிக்கிழமை மேலே பலகை அடித்து மூடப்போகிறோம். அதற்குள் சொல்லுங்கள்.

பழைய_ஃபியூஸ்:
எந்த வயர்? செம்பு எத்தனை (சதுர) மி.மீ.? எதற்கு? பஞ்சு எவ்வளவு தடிப்பு? பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் பார்க்கச் சொன்னால் எப்படி?

லெஸ்டர்_மாலா:
கண்ணாடிப் பஞ்சா, வெள்ளைத் தெர்மோகோலா? அதை முதலில் சொல்லுங்கள். தெர்மோகோல் பட்டுக்கொண்டே இருந்தால் வயரின் பிவிசி உறையில் இருக்கும் எண்ணெய்ப் பசை அதற்குள் போய்விடும். பிறகு உறை விறைத்து வெடிப்பு விடும்.

ஈஸ்ட்ஹாம்_குகன்:
சூடு கிடக்கட்டும், எலியைப் பாருங்கள். எங்கள் லாஃப்டில் பஞ்சுக்குள் எலி கூடு கட்டி வயரைச் செம்பு தெரியக் கடித்துவைத்திருந்தது. வயர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேலேயே போடுங்கள்.

ஹேரோ_ரவி:
மன்னிக்கவும், தண்ணீரைச் சுடவைக்கும் எலெக்ட்ரிக் ஷவருக்குத்தான். கண்ணாடிப் பஞ்சு, ஒரு சாணுக்கு மேல் இருக்கும். வயர் சாம்பல் நிறம், தட்டையானது. மச்சான் வந்து போடுகிறார், சவுதியில் வயரிங் வேலை பார்த்தவர்.

பழைய_ஃபியூஸ்:
“ஷவருக்குத்தான்”! தம்பி, வீட்டிலேயே அதிகமாகக் கரண்ட் இழுக்கிற சாமான் அதுதான். நிறம் யாருக்கு வேண்டும்? இந்த நாட்டில் வீட்டு வயர் பெரும்பாலும் சாம்பல்தான். உறையில் எழுத்து அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் படியுங்கள். ஷவர் எத்தனை கிலோவாட், பிரேக்கர் எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுதுங்கள்.

ஹேரோ_ரவி:
9.5 கிலோவாட். வயர் 10 மி.மீ. பிரேக்கர் 40. கடைக்காரர் 10 மி.மீ. 64 ஆம்பியர் தாங்கும் என்றார்.

பழைய_ஃபியூஸ்:
அந்த 64, சுவரிலோ மரத்திலோ க்ளிப் அடித்துக் காற்றுப் படப் போகும் வயருக்கு. அதே வயரைச் சீலிங் பலகையின் மேல் கிடத்தி, 100 மி.மீ.க்குள் பஞ்சு போட்டால் 45. பஞ்சு 100 மி.மீ.யைத் தாண்டினால் 36. பஞ்சுக்கு நடுவே நாலு பக்கமும் மூடிப் போனால், அரை மீட்டர் தாண்டியதுமே 64இல் பாதி, அதாவது 32. எல்லாம் இந்த நாட்டு வயரிங் விதிநூலான பிஎஸ் 7671இன் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் ஷவர் 240 வோல்ட்டில் 39.6 ஆம்பியர் இழுக்கும், 230 என்று வைத்தாலும் 38. கழித்தல் தெரியும்தானே?

குரோய்டன்_சேகர்:
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். ஷவர் பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். அதற்குள் வயர் எங்கே சூடாகப்போகிறது? அட்டவணை நாள் முழுக்க ஓடுகிற லோடுக்கு. எங்கள் வீட்டில் பல வருடமாகப் பஞ்சுக்கு அடியில்தான் கிடக்கிறது.

லெஸ்டர்_மாலா:
சேகர் அண்ணா, உங்கள் வீட்டில் நீங்கள் மட்டும்தான் குளிப்பீர்களா? இங்கே காலை ஏழிலிருந்து ஒருவர் பின் ஒருவராக நாலு பேர். 10 மி.மீ. வயரில் 40 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7 வாட் சூடு வரும். சின்னதுதான், ஆனால் பஞ்சு அதை வெளியே விடாது. சூட்டைப் பிடித்துவைக்கத்தானே பஞ்சையே போட்டோம்? இந்த பிவிசிக்கு 70 டிகிரிதான் எல்லை.

மதுரை_வடிவேல்:
நான் ஊரிலிருந்து எழுதுகிறேன். எதற்கு இத்தனை கணக்கு? பைப் போட்டு அதற்குள் இழுத்துவிடுங்கள். எலியும் கடிக்காது.

பழைய_ஃபியூஸ்:
பைப்பையும் பஞ்சு மூடினால் சூடு இன்னும் மோசம். உங்கள் கான்கிரீட் மாடியில் பஞ்சே கிடையாது, அங்கே அந்தக் கேள்வி வராது. சவுதிக்காரருக்கும் அதேதான்.

ஈஸ்ட்ஹாம்_குகன்:
மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? வளைகுடாவில் வேலை செய்தவர்கள் இங்கத்தப் பொடியன்களைவிடச் சுத்தமாகச் செய்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய_ஃபியூஸ்:
கை சுத்தத்தை யார் குறை சொன்னது? இங்கிலாந்தில் 2005 ஜனவரியிலிருந்து பார்ட் பி என்று வீட்டு மின்வேலைக்கான கட்டட விதி இருக்கிறது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து புது சர்க்யூட் என்றால் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும், இல்லையென்றால் வேலை தொடங்குமுன் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். வீடு விற்கும்போது வக்கீல் அந்தத் தாளைத்தான் கேட்பார்.

குரோய்டன்_சேகர்:
ஆக, தாளுக்குத்தான் காசு.

ஈஸ்ட்ஹாம்_குகன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த ஊரில் பல்ப் மாற்றவும் ஒரு தாள் வரும்.

லெஸ்டர்_மாலா:
பல்ப் மாற்ற ஒன்றும் வேண்டாம், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ரவி, வயரைப் பஞ்சுக்கு மேலே தூக்கி, கூரைச் சாய்மரத்தின் பக்கவாட்டில் க்ளிப் அடிக்கச் சொல்லுங்கள். கோடையில் லாஃப்ட் கொதிக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்: 40 டிகிரிக்கு 64ஐ 0.87ஆல் பெருக்கினால் 55 சொச்சம், தாராளம். பாத்ரூமுக்கு இறங்கும் இடத்தில் பஞ்சைக் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். 16 மி.மீ. வாங்கினால் பஞ்சுக்கு அடியிலும் 46 தாங்கும்தான். ஆனால் அந்தத் தடிப்பை, பாத்ரூமில் கயிறு இழுத்துப் போடுகிற சுவிட்சின் திருகுக்குள் நுழைப்பதற்குள் கை போய்விடும். அப்புறம் பலகை: பஞ்சை நசுக்கி அடிக்காதீர்கள், பலகைக்கு அடியில் கட்டைக் கால் கொடுத்து உயர்த்தி அடியுங்கள். நசுங்கினால் குளிரைத் தடுக்காது.

பழைய_ஃபியூஸ்:
கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி இருக்கிறதா என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் நானேதான் கேட்க வேண்டும்போல.

குரோய்டன்_சேகர்:
ரவியைக் காணவில்லை. பலகை அடித்துவிட்டார் போலிருக்கிறது.

ஹேரோ_ரவி:
வேலை முடிந்தது. சாய்மரத்தோடு போட்டாயிற்று, ஆர்சிடி இருக்கிறது. லாஃப்ட் மூடியைத் தூக்கியபோது அதன் ஓரத்தில் பழைய லைட் வயர் ஒரு தெர்மோகோல் துண்டோடு ஒட்டிக் கிடந்தது. பிய்த்தால் கையெல்லாம் பிசுபிசு, தெர்மோகோலில் வயர் அளவுக்கு ஒரு பள்ளம். அதையும் மாற்றியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

லெஸ்டர்_மாலா:
நான் முதலிலேயே தெர்மோகோலைக் கேட்டேன்! சரி, போட்டது யார், மச்சானா? சான்றிதழ் வந்ததா?

ஈஸ்ட்ஹாம்_குகன்:
எலிப் புழுக்கை ஏதும் கிடந்ததா?